திங்கள், புதன், சனி

நாயின் முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து தோல் தடித்துச் சிவந்து ஈரமாகப் பளபளத்தால் எங்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். வேறு நாய் கடித்ததும் இல்லை, வண்டியில் அடிபட்டதும் இல்லை. தானே நக்கி நக்கி உண்டாக்கிய புண். மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊரின் அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த வருடங்களில், ஆடுமாடுகளுக்கு நடுவே இப்படிப்பட்ட நாய்களும் வரும். அவற்றில் ஜாக்கியை என்னால் மறக்க முடியவில்லை.

ஜாக்கி நான்கு வயது லேப்ரடார். வளர்த்தவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பிப்ரவரியில் முதல் தடவை கூட்டி வந்தார். வீட்டில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள், வேப்பெண்ணெய் தடவியிருக்கிறார்கள். பூசப் பூச அது நக்கியே தீர்த்திருக்கிறது. நான் உண்ணி பார்த்தேன், தோலைச் சுரண்டிச் சொறிப்பூச்சி பார்த்தேன், முள் ஏதும் தைத்திருக்கிறதா என்று விரலால் அழுத்தித் தேடினேன். ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஆன்டிபயாடிக்கும் ஒரு களிம்பும் கொடுத்தேன். கழுத்துக்குக் கூம்புப் பட்டை கடையில் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, விளிம்பில் பழைய துணி சுற்றி மாட்டினோம். மார்ச்சில் இரண்டு தடவை திரும்பி வந்தார். புண் அப்படியேதான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் அது காயத் தொடங்கியது. மே முடிவதற்குள் தோல் கறுத்து, ஓரத்தில் முடிகூட முளைத்துவிட்டது. "உங்க கை ராசி டாக்டரம்மா" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். மருந்து வேலை செய்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினேன். வாளியைக் கழற்றச் சொல்லி, மருந்தையும் நிறுத்தினேன்.

ஜூன் கடைசி வாரத்தில் அவர் மறுபடி வாசலில் நின்றார். புண் முன்பைவிடப் பெரிது. கூட வந்த மகள், எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டாக்டர், அப்பா கடலுக்குப் போற அன்னிக்குத்தான் இது நக்குது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் முறை. திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகுகள் நங்கூரத்தில் கிடக்கும், ஆள் வீட்டோடு இருப்பார். புண் ஆறியது அந்த 61 நாளில்தான். ஆற்றியது என் களிம்பு இல்லை.

இன்னொன்றும் விளங்கியது. மருந்தகத்தில் ஒருநாளும் ஜாக்கி நக்கி நான் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன்? அவர் கரையில் இருக்கிற நாளில்தானே கூட்டி வருவார். அவர் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு நக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த புதன்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பனை ஓலை வேலி. தென்னை மரத்தில் சங்கிலி. ஒருமுறை அவர் பின்னாலேயே படகுத்துறை வரை ஓடியதால், கடலுக்குப் போகிற நாட்களில் கட்டிவைப்பது வழக்கமாகிவிட்டதாம். வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது. கண் பாதி மூடி, ஒரே தாளத்தில் நாக்கு போய்வந்தது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் காது நிமிரும், நாக்கு நிற்கும். பைக் தாண்டிப் போனதும் தலை தாழ்ந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி. திண்ணையிலிருந்த அப்பத்தா "ஏய் ஜாக்கி, சும்மா கெட!" என்று அதட்டினார். உடனே வாலை ஆட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. அப்புறம் இன்னும் வேகமாக நக்கியது. நாள் முழுக்க அதனோடு யாராவது பேசினார்கள் என்றால் அந்த ஒரு அதட்டல்தான்.

சேட்டை என்றும் அடம் என்றும் இதைச் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பொறுக்காது. தவிப்பு தாங்காமல் நக்குகிறது. நக்கும்போது கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது. தோல் புண்ணாகிக் கிருமி ஆழத்துக்குப் போகிறது. அது அரிக்கிறது, அரிப்புக்கு நக்குகிறது. கடைசியில் தவிப்பே இல்லாவிட்டாலும் நாக்கு தானாக அங்கே போகும். அதனால் ஒரு முனையை மட்டும் பிடித்து இழுத்தால் முடிச்சு அவிழாது.

ஆன்டிபயாடிக்கை இந்தத் தடவை ஆறு வாரத்துக்கு எழுதினேன். ஆழத்துக் கிருமிக்கு இரண்டு வாரம் போதாது; முதலில் அதிலும் தவறியிருந்தேன். கூடவே ஃப்ளூவாக்செட்டின், எடைக்குத் தகுந்த அளவில். சீட்டைப் பார்த்த மெடிக்கல் கடைக்காரர் அது மனசுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று சொல்லிவிட்டார் போல. அப்பத்தா கண் கலங்க வந்தார். "நாய்க்குப் புத்தி பெரண்டுபோச்சாம்மா?" உட்காரவைத்துச் சொன்னேன். அமெரிக்காவில் மனிதர்களின் ஓசிடியை, அதாவது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற மனக்கோளாறை, ஆராய்ந்த ஜூடித் ராப்போபோர்ட் என்ற மனநல மருத்துவரின் குழு, 1992-இல் இதே மாதிரி கால் நக்கும் நாய்களுக்கு மனிதர்களின் ஓசிடி மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. குளோமிப்ரமின், ஃப்ளூவாக்செட்டின் போன்றவற்றில் நக்குவது குறைந்தது. மனிதனுக்குக் கை கழுவிக் கழுவித் தீராதது போல நாய்க்கு நக்கித் தீரவில்லை, அவ்வளவுதான் அப்பத்தா என்றேன். பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலாகும், நடுவில் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

மாத்திரையைவிட அந்த மூன்று நாட்களை மாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. சங்கிலியை எடுத்துவிட்டு வேலியை அடைத்தார்கள். படகுக்குப் போகும் முன் இருட்டோடு அவரே கரையோரம் அரைமணி நேரம் நடத்திக் கூட்டி வருவார். அவித்து முள்ளெடுத்த சூடை மீனை மகள் முற்றத்து மணலில் அங்கங்கே புதைத்துவைப்பாள். ஜாக்கி மூக்கால் தேடித் தேடித் தின்னும். அவர் கட்டிக் கழற்றிய கைலி ஒன்று அதன் படுக்கையில். நக்கத் தொடங்கினால் யாரும் கத்தக்கூடாது. எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய், அங்கிருந்து கூப்பிட வேண்டும், வந்தால் தடவிக்கொடுக்க வேண்டும். உப்புத்தண்ணீரில் கால் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னேன். குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிற வீட்டில் அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கால் உலரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் அந்தப் பிள்ளை.

நாட்காட்டியில் அவள் குறித்தும் வந்தாள். நக்கிய நாளுக்குச் சிவப்பு, நக்காத நாளுக்கு ஒன்றும் இல்லை. ஜூலை முழுக்க திங்கள், புதன், சனி வரிசைகள் சிவப்பாக இருந்தன. ஆகஸ்ட் பாதியில் புதன் வெளுத்தது.

அதற்கப்புறம் நக்குகிற நாய் வந்தால், புண்ணைத் தொடுவதற்கு முன் "எப்போ நக்குது, அப்போ வீட்டில யார் இருக்காங்க?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். எல்லாம் மனசுதான் என்ற முடிவுக்கு வந்துவிடவும் இல்லை. தேவிபட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு நாய் ராத்திரி முழுக்கச் சிமெண்ட் தரையை நக்கியது. தரையையும் சுவரையும் நக்கும் 19 நாய்களைக் கனடாவின் மாண்ட்ரீல் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது 14 நாய்களுக்கு வயிற்றிலோ குடலிலோ கோளாறு இருந்ததாக 2012-இல் ஒரு ஆய்வு வந்திருந்தது. வயிற்றுக்கு வைத்தியம் பார்த்தேன், நக்குவது நின்றது. இன்னொரு நாய்க்கு விரலிடுக்கில் ஒடிந்த சீமைக் கருவேல முள். ஒருவர் மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லைப் புண்ணில் பூசிக் கூட்டி வந்தார். நாய் அதை நக்கி விழுங்கினால் குடலில் ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாற்றலாகிப் போகும் முன் ஒரு சனிக்கிழமை ஜாக்கியைப் பார்க்கப் போனேன். புண் இருந்த இடத்தில் முடியில்லாத கறுப்புத் தோல், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. அங்கே இனி முடி வராது. என்னை முகர்ந்துவிட்டு வாசலுக்குப் போய்ப் படுத்தது. காலை இரண்டு தடவை நக்கியது. பிள்ளை முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். தலையைத் தூக்கி ஒரு நிமிடம் தெருவையே பார்த்திருந்துவிட்டு, எழுந்து அவளிடம் போனது.