நாம் 'வேண்டாம்' என்றால் அங்கே என்ன நடக்கும்?

ஊர் திரும்பி இன்னும் பையைப் பிரிக்கவில்லை, சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பெண்களுக்கு மட்டுமான ஒரு ட்ராமா ரிட்ரீட்டுக்கு, அதாவது மனக்காயம் ஆறச் சில நாள் தங்கும் முகாமுக்குப் போய் வந்தேன். பேசிப் பேசித் தீர்க்கும் வகை இல்லை. உடம்பு வழியாக, மூச்சு, அசைவு, உணர்வு வழியாக மனக்காயத்தை ஆற்றும் வகை. போனது நல்லதாயிற்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பட்ட பாடு இருக்கிறதே! எல்லா வலைத்தளத்திலும் அதே வெள்ளை உடை, அதே மூடிய கண்கள், அதே சூரிய உதயம். கட்டணமோ சில இடங்களில் மாதச் சம்பளத்தையே தாண்டுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரும் நேராகச் சொல்வதில்லை.

நான் கடைசியில் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவெடுத்தேன். அங்கே போய் நான் "வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கும்?

வன்முறையில் நம்மிடமிருந்து முதலில் பறிபோவதே அந்த "வேண்டாம்" தானே. சொன்னோம், யாரும் கேட்கவில்லை. அல்லது சொல்லவே முடியாமல் உடம்பு உறைந்துபோனது. மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992லேயே ட்ராமாவிலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதினார். முதல் கட்டம் பாதுகாப்பு. நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது அதற்கு அப்புறம்தான். வாழ்க்கையோடு மறுபடி இணைவது கடைசியில். பாதிக்கப்பட்டவளின் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொள்ளும் எந்த உதவியும் அவளைக் குணப்படுத்தாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நிறைய ரிட்ரீட்கள் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராக அழவைக்கப் பார்க்கின்றன. அழுதால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை.

இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது, நான் முதலில் பார்த்து வேண்டாமென்று விட்ட வேறொரு ரிட்ரீட்டில். அங்கே அறிமுக நாள் என்று ஒன்று வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தேன். வரவேற்பு முடிந்ததும் நேராக ப்ரீத்வொர்க். பாயில் படுத்து வேகமாக, ஆழமாக, நிறுத்தாமல் மூச்சு இழுக்க வேண்டும், இசை சத்தமாக ஏறிக்கொண்டே போகும். எனக்குப் பக்கத்துப் பாயில் இருந்த பெண்ணின் விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகிவிட்டன. அவர் பயந்துபோய்க் கையைத் தூக்கினார். நடத்தியவர் வந்து குனிந்து, "விட்ராதீங்க, உள்ளே இருக்கிறது வெளியே வருது" என்றார். வெளியே எதுவும் வரவில்லை. அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால் விரல் மரத்துப்போகும், தசை இறுகும், தலை சுற்றும். யாருக்கும் நடக்கக்கூடிய உடலியல் இது. வலிப்பு நோய், இதய நோய் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மாதிரித் தீவிர மூச்சுப் பயிற்சி ஆகாது. அங்கே யாரும் அதை எங்களிடம் கேட்கக்கூட இல்லை.

நான் எழுந்து வெளியே வந்தேன். பின்னாலேயே வந்து, "உங்களுக்குள்ள எதிர்ப்பு நிறைய இருக்கு, அதைத்தான் உடைக்கணும்" என்றார்கள். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெண் நிறுத்துங்கள் என்றால் அதை நோயாக்கி, அதற்கும் மருந்து விற்கும் இடத்தில் ஆறுவதற்கு என்ன இருக்கிறது? போகும்போது, இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று வேறு. அவசரப்படுத்தும் எந்த இடத்துக்கும் பணம் கட்டாதீர்கள், எவ்வளவு பெரிய தள்ளுபடியாக இருந்தாலும் சரி.

உடம்பு வழியாக ஆற்றுவது என்பதே ஏமாற்று வேலையா என்று கேட்டால், இல்லை. பீட்டர் லெவின் என்ற சிகிச்சையாளர் உருவாக்கிய, உடல் உணர்வு வழியாகப் போகும் சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் முறையில் அடிப்படையே மெதுவாகப் போவதுதான். கலங்கவைக்கும் உணர்வைத் துளித்துளியாகத் தொட்டுவிட்டு, உடம்பில் தெம்பாக இருக்கும் இடத்துக்குத் திரும்பி வருவது, மறுபடி தொடுவது. 2014ல் மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சிகிச்சை எடுத்தும் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனநலப் பாதிப்பு) விடாத 64 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் ஒரு மணி நேரம், 10 வாரம் ட்ராமாவுக்கென்றே வடிவமைத்த யோகா, மறுபாதிக்குப் பெண்கள் நலம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி என்று சொல்லும் அளவுக்கு அறிகுறி இல்லை, மற்ற குழுவில் 21 சதவீதம். படித்தபோது எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்தது. அதே சமயம் 10 வாரம் என்பதைக் கவனியுங்கள். ஒரு வாரக் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்குக்கும் 2017ல் 63 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது, பலன் தெரிந்தது, ஆனால் சிறிய ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் 2013ல் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை ட்ராமாவை மையமாக வைத்த சிபிடியும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) இஎம்டிஆரும்தான் (கண்ணை இருபுறமும் அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் சிகிச்சை). அதனால் ரிட்ரீட்டைத் தெரபிஸ்ட்டுக்குப் பதிலாக நினைக்க வேண்டாம், கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லாத் தளத்திலும் "வேகஸ் நரம்பு", "பாலிவேகல்" என்று பார்ப்பீர்கள். மூளையிலிருந்து இதயம், குடல் வரை போகும் நரம்பு வேகஸ். பயத்திலும் பாதுகாப்பிலும் உடம்பு நடந்துகொள்ளும் விதத்தை அந்த நரம்போடு இணைத்து ஆய்வாளர் ஸ்டீபன் போர்ஜஸ் 1994ல் முன்வைத்த கோட்பாடுதான் பாலிவேகல், அதன் உடலியலை ஏற்காத விஞ்ஞானிகளும் உண்டு. அந்த வார்த்தை இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தை நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

நான் தேர்ந்தெடுத்த இடம் ஃபோனிலேயே வித்தியாசமாக இருந்தது. பேசியவர் எதையும் விற்கவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், தூக்கம் எப்படி, மயக்கம் வந்ததுண்டா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருக்கிறதா, துன்புறுத்தியவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறீர்களா, திரும்பிப் போனால் உங்களோடு யார் இருப்பார்கள். சில பதில்களுக்கு, முதலில் தெரபிஸ்ட்டைப் பாருங்கள், அப்புறம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். வருமானத்தை இழக்கவும் தயாராக இருக்கிறார்கள் என்றதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நான் கேட்டேன். நடத்துபவரின் பயிற்சி என்ன? (சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பயிற்சி மட்டுமே ஏறக்குறைய மூன்று வருடம், வார இறுதிச் சான்றிதழை அதோடு ஒப்பிடவே முடியாது.) ராத்திரி யாருக்காவது நிலைமை மோசமானால் கூப்பிட உரிமம் பெற்ற மனநல நிபுணர் உண்டா? பாதியில் கிளம்பினால் பணம் என்ன ஆகும்? பெண்களுக்கு மட்டும் என்கிறீர்களே, காவலுக்கும் சமையலுக்கும் யார்? எல்லாவற்றுக்கும் நேரான பதில் வந்தது, இழுத்தடிக்கவில்லை.

ஆனால் போய்ச் சேர்ந்த கதை இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆக வேண்டும். இரவுப் பேருந்து, கடைசி வரிசை, சன்னல் மூடவில்லை, கழிவறை உள்ள இடமாகப் பார்த்து ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. கேட்டதற்கு நடத்துநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடியற்காலையில் இறங்கி ஒரு டாக்சி பேசினேன். பேசிய தொகைக்குச் சரி என்று ஏற்றியவர், ஆளில்லாத மலைப்பாதையில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அதே தொகை இன்னொரு மடங்கு வேண்டும் என்றார். இஞ்சின் அணைந்திருக்கிறது, ஃபோனில் சிக்னல் இல்லை. கொடுத்தேன். அது பணப் பிரச்சினை மட்டும் இல்லை என்று உங்களில் பலருக்குத் தெரியும். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்தப் போகும் வழியிலேயே அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

இதில் ரிட்ரீட் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அழைத்து வர வண்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் தனிக் கட்டணம், பேருந்துச் செலவைப் போல மூன்று மடங்கு. பயந்த பெண்கள்தான் வரப்போகிறார்கள் என்று தெரிந்தே இடம் நடத்துகிறவர்கள் அதைக் கட்டணத்துக்குள் சேர்த்திருக்க வேண்டாமா? நேரில் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். நீங்கள் எந்த இடத்துக்குப் போனாலும் கடைசி சில கிலோமீட்டர் எப்படி என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பட்ஜெட்டில் அதற்கு முதலிடம்.

நான் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. எனக்கென்று மூடி வைத்திருந்ததைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். எங்கே உட்கார விருப்பம் என்று கேட்டார்கள். சுவரில் முதுகு சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஏன் அங்கே என்று யாரும் கேட்கவில்லை. வேண்டிய அளவு நானே போட்டுக்கொண்டேன், கூட உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து யாரும் படுத்தவில்லை. இவ்வளவு ருசித்துச் சாப்பிட்டு வெகு நாளாயிற்று.

வகுப்புகளில் "செய்யுங்கள்" என்ற சொல்லே வராது. "விருப்பமிருந்தால் பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்க்கலாம், இல்லையென்றால் அப்படியே இருக்கலாம்." கண்ணை மூடச் சொல்வதில்லை. ஆசிரியை தன் பாயை விட்டு நகர்ந்து நம் பின்னால் வருவதில்லை, தொட்டுத் திருத்துவதில்லை, கதவு பூட்டுவதில்லை. நடந்ததைச் சொல்லச் சொல்லி வட்டமாக உட்கார வைப்பதும் இல்லை. முதலில் செய்தது தலையை மெல்லத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்ப்பது, அவ்வளவுதான். சன்னல், கதவு, விளக்கு, கூரையில் ஒரு விரிசல். அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் இடது தாடை தானாகத் தளர்ந்தது. அதை இறுக்கி வைத்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

எங்களில் ஒருவர் ஒரு வகுப்பு முழுக்க எதுவும் செய்யவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து போர்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, பார்த்துச் சிரிக்கவில்லை. முடியும்போது ஆசிரியை, "இன்னொரு போர்வை வேணுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் வேண்டாம் என்றார். "சரி" என்று ஆசிரியை தன் பாயைச் சுருட்டப் போய்விட்டார். நான் எத்தனை கட்டணத்தைக் கணக்குப் பார்த்தேனோ, அத்தனைக்கும் இந்த ஒரு "சரி" போதும். அடுத்த நாள் அந்தப் பெண் பாயில் வந்து உட்கார்ந்தார்.

நாள் முழுக்க மௌனமாகக் கண்மூடி உட்காரும் முகாம்கள் மலிவாகக் கிடைக்கும், சில இடங்களில் இலவசமாகவே. பட்ஜெட்டுக்காக அதை எடுக்கலாமா என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ட்ராமா உள்ளவர்களுக்கு நீண்ட தியானத்தில் பழைய நினைவுகள் கட்டுக்கடங்காமல் கிளம்பலாம், வில்லோபி பிரிட்டன் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தெரபிஸ்ட்டிடம் கேட்காமல் போக வேண்டாம்.

செலவைக் குறைக்க வழி உண்டு. பகிர்ந்துகொள்ளும் அறை கிட்டத்தட்டப் பாதி விலை. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, கட்டிலை நாமே தேர்ந்தெடுக்கலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நானும் என் அறைத் தோழியும் விளக்கை அணைப்பதில்லை என்று முதல் இரவே பேசிக்கொண்டோம். வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள், தளத்தில் போட்டிருக்காவிட்டாலும் சில இடங்களில் தருகிறார்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். திரும்பி வந்ததும் தவணை கழுத்தை நெரித்தால் பெற்ற நிம்மதியெல்லாம் போய்விடும்.

பணம் குறைகிறதென்றால் அறையில் குறையுங்கள், கூடுதல் சேவைகளில் குறையுங்கள், ஆனால் திரும்பி வந்த மறுநாளுக்கான விடுப்பில் குறைக்காதீர்கள். அங்கிருந்து நேராக வேலைக்குப் போனால் உடம்பு தாங்காது. நான் தூங்கினேன், நடந்தேன், யாரோடும் அதிகம் பேசவில்லை. முடிந்த பிறகு ஒரு ஃபோன் அழைப்பு கட்டணத்திலேயே அடக்கம், எனக்கு அது அடுத்த வாரம். அப்படி ஒன்று உண்டா என்பதையும் கேட்கவேண்டிய கேள்விகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.