ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும் என்று பள்ளியில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் எவ்வளவு கைநழுவிப் போகிறது என்பதற்கு நெய்வேலிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அங்கே தோண்டி எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம்தான். ஒரு கிலோவை எரித்தால் சுமார் 2,600 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. ஆகவே, ஒரு கிலோவுக்குள் மூன்று யூனிட் இருக்கிறது. அந்த வேதி ஆற்றல் கொதிகலனில் வெப்பமாகி, நீராவியின் அழுத்தமாகி, டர்பைனின் சுழற்சியாகி, கடைசியில் மின்சாரமாக வெளிவரும்போது அதில் ஏறக்குறைய ஒரு யூனிட்தான் மிஞ்சுகிறது. மற்ற இரண்டில் பெரும்பங்கு குளிர்விப்புக் கோபுரங்கள் வழியாகவும், எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் வானத்துக்குப் போகிறது. இதைப் பொறியாளர்களின் அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. வெப்பம் முழுவதையும் எந்த எந்திரமும் இயக்கமாக மாற்றிவிட முடியாது என்று இயற்கை வகுத்திருக்கும் வரம்பே இதற்கு முக்கியக் காரணம்.

சுற்றுச்சூழல் பாதிப்பு என்றதும் எல்லோரும் புகைபோக்கியைத்தான் காட்டுகிறார்கள். யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடும், சாம்பலும் வெளியேறுவது உண்மைதான். ஆனால் நெய்வேலியின் செலவுக் கணக்கு அதற்கு வெகு முன்பே, மண்ணிலும் நீரிலும் தொடங்கிவிடுகிறது என்பதே என் எண்ணம். ஒரு டன் நிலக்கரியை எடுக்கச் சுமார் ஐந்து கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும்; அதாவது, யூனிட்டுக்கு ஐந்து லிட்டர் மண். 1930களில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வெளிப்பட்டதுதான் இந்தச் சுரங்கத்தின் தொடக்கம். அதே தண்ணீர்தான் இன்றுவரை அதன் பெரிய தலைவலியும். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால், அது சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். இறைப்பதற்கும் மின்சாரமே வேண்டும். இறைத்த நீரில் ஒரு பகுதி சென்னைக்குக் குடிநீராகப் போயிருக்கிறது என்றாலும், தங்கள் ஆழ்துளைக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று சுற்றுவட்டார விவசாயிகள் குறைகூறுவதை ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகில் உள்ள வளையமாதேவி கிராமத்தில் நெற்பயிர் நின்ற வயல்களிலேயே கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதும் இந்த நிலக்கரிக்காகத்தான்.

காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் இந்தச் செலவுகள் இல்லை. அவற்றின் குறை வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தால் உற்பத்தி சரிகிறது. சூரிய ஒளியோ, வீடுகளில் விளக்கு போடும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. மிகுதியாக இருக்கும்போது சேமித்துவைக்கப் பெரிய அளவில் நமக்குப் பழக்கமான வழி, ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம்: நீரை மேல் அணைக்கு ஏற்றி நிலையாற்றலாக வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரமாக்குகிறார்கள். இத்தகைய நிலையங்கள் வாங்கிய மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பித் தந்துவிடும்.