வருமானச் சான்றிதழுக்குப் போன ஐந்து நாள் கூலி

மகளுக்குத் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இடம் கிடைத்துவிட்டது, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கையில் இருந்தன. இணைய விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. என்னை அலைக்கழித்தது வருமானச் சான்றிதழ்தான்.

நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்க, ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்கு ரவிக்கை தைக்கிறேன். உருப்படிக் கணக்கில்தான் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் 500 ரூபாய் நஷ்டம்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தேன். சில நாட்களில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. போய்க் கேட்டால், குடும்ப அட்டை மங்கலாகப் பதிவாகியிருக்கிறதாம். ஸ்கேன் செய்தது அவர்கள். மறுபடி 60 ரூபாய் கட்டியது நான். பதிவேற்றும் முன் எழுத்து தெரிகிறதா என்று திரையைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

மூன்றாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் இருக்கையில் இல்லை. நான்காம் நாள் இருந்தார்.

“சம்பளச் சீட்டு எங்கே அம்மா?”

“ரவிக்கைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவளுக்குச் சீட்டு யார் சார் கொடுப்பார்கள்?”

“அப்படியானால் எதை வைத்து எழுதுவது?”

பையிலிருந்த தையல் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினேன். தேதி, எத்தனை ரவிக்கை, எவ்வளவு பணம், பக்கத்துக்குப் பக்கம் கடைக்காரரின் கையெழுத்து. அட்டை முழுக்க மெஷின் எண்ணெய்க் கறை. மெதுவாகப் புரட்டியவர், சுய உறுதிமொழிப் படிவத்தோடு அதன் நகலையும் மறுநாள் கொண்டுவரச் சொன்னார். கூலி வேலை செய்கிறவர்கள் இரண்டையும் முதல் நாளே எடுத்துச் செல்லுங்கள். ஐந்து நாள் கூலியும் இரண்டு முறை கட்டிய 60 ரூபாயும் சேர்த்து, ஏழை என்று நிரூபிக்க எனக்கு ஆனது 2,620 ரூபாய்.

பள்ளியையும் விசாரித்துவிட்டு விண்ணப்பத்தில் எழுதுங்கள். எங்கள் தெருமுனைப் பள்ளி சிறுபான்மையினர் நடத்துவது. அத்தகைய பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் எங்களுக்கு மிஞ்சியது ஒரே பள்ளி.

குலுக்கல் நாளில் 12 இடங்களுக்கு அறுபதுக்கு மேல் பெயர்ச் சீட்டுகள். கண்ணாடி ஜாடிக்குள் ஒரு சிறுவன் கைவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தான். பதினோராவது சீட்டில் என் மகள் பெயர் வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் மகன் பெயர் கடைசிவரை வரவில்லை. அவளும் இதே அலைச்சல் பட்டவள்தான். என்னால் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை.

அதே வகுப்பில் முழுக் கட்டணம் கட்டிச் சேர்த்த ஒருவர் ஒரே மதியத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். அவருக்கு வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது புத்தகத்துக்கும் சீருடைக்கும் 6,000 ரூபாய் கேட்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்து ரசீது தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.