யாட்மாஸ்டர் தேர்வு: முதலில் காந்த விலகல், மற்றதெல்லாம் அப்புறம்

நேற்று மாலை டர்பன் துறைமுகத்தில் படகைக் கட்டியதும் தேர்வாளர் கை கொடுத்தார். பாய்மரப் படகுத் தலைவருக்கான யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வில் பாஸ்! சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

என்னைத் தேர்ச்சிபெற வைத்தது ஒரு பழைய பயணம். 1488 பிப்ரவரி 3 அன்று போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தலோமியு டயஸ் தென்னாப்பிரிக்காவின் மோசல் பேயில் கரை தொட்டார். அதன் 500ஆம் ஆண்டுக்காக அதே மாதிரி கேரவல் (அக்காலச் சிறு பாய்மரக் கப்பல்) ஒன்றைக் கட்டி, 1987 நவம்பரில் லிஸ்பனிலிருந்து கிளம்பி, சரியாக 1988 பிப்ரவரி 3 அன்று அங்கே வந்து சேர்ந்தார்கள். இப்போது அது மோசல் பே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் டயஸின் கடைசிக் கட்டத்தைச் சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) நானே ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். கரை தெரியாமல் தெற்கே போய், கிழக்கே திரும்பி, நிலம் வராததால் வடக்கே ஏறினார். ஜிபிஎஸ் இல்லை, வேகம், நேரம், திசை மட்டும். தேர்வில் நம்மை வெளியே பார்க்கவிடாமல் படகின் கீழறையில் உட்காரவைத்துச் செய்யச் சொல்வதும் இதுதானே?

படகை அப்படியே கட்டிவிட்டார்கள், ஆனால் காந்த ஊசி அன்றைய இடத்தில் இல்லை. 1500 வாக்கில் ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுலாஸ் முனையருகே அது ஏறக்குறைய உண்மை வடக்கையே காட்டியது. இன்று 25 பாகைக்கு மேல் மேற்கே விலகி நிற்கிறது. நாம் படிக்கும் இங்கிலாந்துப் புத்தகங்களின் கணக்குகளில் விலகல் சில பாகைதான். அங்கே கூட்டலுக்குப் பதில் கழித்தாலும் கோடு பெரிதாகக் கோணாது. நம் கடலில் அது 50 பாகைப் பிழை, படகு பாறைக்குப் போய்விடும். உண்மைத் திசையைத் திசைகாட்டித் திசையாக்கும்போது இந்த மேற்கு விலகலைக் கூட்டுங்கள், திரும்பும்போது கழியுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

டயஸ் முடிந்ததும் 1860இல் ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை ஏற்றிவந்த மதராஸ்–டர்பன் வழியை எடுத்துக்கொண்டேன். யாராவது அந்தப் பயணத்தைப் பாய்மரத்தில் மறுபடி நடத்தினால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

மற்றவை:

- தனியாகப் படியுங்கள். குழுவில் அடுத்தவர் விடையை நம்பிவிடுவோம்.
- விளக்குகள், ஒலிக்குறிகள்: மனப்பாடம்தான், வேறு வழியில்லை.
- நம் கரையோரமாகத் தென்மேற்கே ஓடும் அகுலாஸ் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்மேற்குக் காற்று வீசினால் என்ன செய்வீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். 200 மீட்டர் ஆழக்கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கம் வருவேன் என்று சொல்லுங்கள். நீரோட்டத்தின் வேகம் அங்கே குறைவு, அலையும் அவ்வளவு செங்குத்தாக எழாது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.