லத்தாவில் பீர், பபேடானில் டீ

2019 நவம்பர் 8, வெள்ளி

சென்னையிலிருந்து அத்தை மகன் கம்பெனி வேலையாக யாங்கோனுக்கு, அதாவது மியன்மாரின் பழைய ரங்கூனுக்கு, வந்திருக்கிறான். பெட்டியை வைத்த கையோடு, "மச்சான், உங்க யாங்கோன்ல நைட் லைஃப் எல்லாம் உண்டா?" என்றான். அது அம்மா காதில் விழுந்துவிட்டது. "ஏன் இல்லாம? வெள்ளிக்கிழமை, காளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வா தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

கோயில் வாசலில் நின்று அவனுக்கு ஊரை விளக்கினேன். நகரின் நடுப்பகுதி 1850களில் வெள்ளைக்காரர்கள் சதுரம் சதுரமாக வரைந்தது. ஆற்றுக்கு இணையாகப் பெரிய சாலைகள், அவற்றை வெட்டிக்கொண்டு எண் போட்ட ஒடுக்கமான தெருக்கள். மேற்கே சீனர்களின் லத்தா. ஷ்வேடகோன் பகோடா (புத்தர் கோயில்) சாலையைத் தாண்டினால் நம்மவர்களும் முஸ்லிம்களும் நிறைந்த பபேடான். சூலே பகோடாவுக்குக் கிழக்கே ஆபீஸ்கள் இருக்கும் சௌக்தடா, அதற்கும் அப்பால் போதத்தாங். மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கடந்துவிடலாம். ஆனால் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் என்ன கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

19ஆம் தெரு. வெளியூர்க்காரன் வந்தால் வேறு எங்கே கூட்டிப் போவது?

மகாபந்துலா சாலைக்கும் அனோரத்தா சாலைக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு துண்டுதான் எல்லாரும் சொல்லும் 19ஆம் தெரு. சாயங்காலம் ஆனதும் பிளாஸ்டிக் நாற்காலிகள் தெருவுக்கு இறங்கிவிடும். கடை முன்னால் தட்டுத் தட்டாகக் குச்சியில் கோத்த கோழி, பன்றி, கணவாய், காடை முட்டை, காளான், வெண்டைக்காய். பிடித்ததைக் கூடையில் எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், மசாலா தடவிக் கரியில் வாட்டிக் கொண்டுவருவார்கள். புளிப்பும் பச்சை மிளகாய்க் காரமுமாக ஒரு சட்னி. கூடவே கண்ணாடி மக்கில் பீர். என்னைக் கேட்டால் இங்கே வெண்டைக்காயை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மச்சான் நம்பவில்லை, அப்புறம் தட்டைக் காலி செய்தவன் அவன்தான்.

மோட்டார் சைக்கிள் சத்தமே இல்லையே என்று அவனாகவே கேட்டான். 2003 முதல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. சாலைக்கு நடுவே நாற்காலி போட்டு நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதென்றால் அதற்கும் இதில் பங்கு உண்டு. கார்தான் வினோதம். இங்கே வலப்பக்கம் ஓட்டுகிறோம், பல கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்சீட்டில் உட்கார்ந்தவன் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும்.

தெருவில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள், விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. ஆனாலும் பழிக்க மனம் வரவில்லை. ஒரே தெருவில் இத்தனை பேர் சேர்ந்து சிரிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 13, புதன்

சௌக்தடாவில் சுற்றினோம். 34ஆம் தெருவில் ஷான் மாநிலத்து நூடுல்ஸ், பன்சோடான் தெருவில் பழைய புத்தகக் கடை. ஆபீஸ் விட்டதும் அந்தப் பக்கம் அடங்கிவிடுகிறது. 1901இல் திறந்த ஸ்ட்ராண்ட் ஓட்டலில் ஒரு கிளாஸ் குடிக்கலாமா என்றான். மெனுவைப் பார்த்ததும் அவனே வெளியே வந்துவிட்டான்.

நவம்பர் 16, சனி

நாளை கார்த்திகை பிறக்கிறது. அம்மாவின் அடுப்பில் இனி கவிச்சி ஏறாது. அதனால் இன்று பிரியாணி, அதுவும் பபேடானில்.

லத்தாவிலிருந்து ஷ்வேடகோன் பகோடா சாலையைக் கடந்தபோது அவன் சுற்றும் முற்றும் பார்த்து, "என்னடா, பீரையே காணோம்?" என்றான். ஒன்றிரண்டு கடை எங்காவது இருக்கும், ஆனால் இந்தப் பேட்டையின் ராத்திரி அது இல்லை. 26ஆம் தெருவில் 1896இல் கட்டிய யூதர் கோயில். ஷ்வேபோந்தா தெருவில் சூரத்துக்காரர்களின் பள்ளிவாசல். அது முன்பு மொகல் தெரு, வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் நம் ஊர்த் தமிழ் முஸ்லிம்களான சோழியர்களின் பள்ளிவாசல், 1871இல் எழுந்த காளியம்மன் கோயில். இவ்வளவும் பக்கம் பக்கமாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் சாராயத்துக்குக் கூடவில்லை, பிரியாணிக்கும் பலூடாவுக்கும் டீக்குமே கூடினார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அறுபதுகளில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். அவனுடைய அம்மாவும் அப்படிப் போனவர்தான். இதை அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரியாணியோடு புளிச் சூப் வந்தது. "இது எதுக்கு?" என்றான். குடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான்.

அப்புறம் டீக்கடை. மேஜையில் சீனா டீ கூஜா இலவசம், பால் டீயை இனிப்பாகவோ ஸ்ட்ராங்காகவோ சொல்லி வாங்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் சத்தமிட்டுப் பையனைக் கூப்பிட்டார். மச்சான் திடுக்கிட்டுப் போனான். இங்கே அதுதான் வழக்கம் என்றேன். ஒன்பதரை மணிக்கும் பந்து விளையாட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, கிழவர்கள் ஆளுக்கொரு டீயோடு நகராமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் எங்கள் தமிழைக் கேட்டுத் திரும்பி, "எந்த ஊரு?" என்றார். சென்னை என்றதும், "நமக்குப் புதுக்கோட்டைப் பக்கம், போனதில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி பந்து விளையாட்டுக்குத் திரும்பினார்.

"பீர் அன்னிக்கு எவ்வளவு ஆச்சு?" என்றான் மச்சான், டீக்கு வந்த பில்லைப் பார்த்தபடி. சொன்னேன். உதட்டைக் குவித்து இன்னும் இரண்டு டீ வரவழைத்தான்.