அவர்கள் மறந்தாலும்: லெந்து கால நாட்குறிப்பு

பிப்ரவரி 14, 2024, சாம்பல் புதன்

உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்தைய நாற்பது நோன்பு நாட்களாகிய இந்த லெந்து நாட்களில் வேத வாசிப்போடு சேர்த்து நாட்குறிப்பும் எழுதிப் பகிர்வது என்று தீர்மானித்திருக்கிறேன். அம்மாவுக்கு மறதி நோய் முற்றத் தொடங்கியபோது, திருநெல்வேலியில் பார்த்துவந்த கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டு, நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். சென்ற மழைக்காலத்தில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அன்று முதல், திருமணமாகாத, வேலையில்லாத, அண்ணன் வீட்டின் ஓர் அறையில் வசிக்கிற நான் யாருக்கு என்னவாக இருக்கிறேன் என்ற கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. அண்ணனும் மதினியும் ஒரு சொல்கூடக் கடிந்து பேசியதில்லை. கேள்வி எனக்குள்ளிருந்தே எழுகிறது.

இன்று மாலை ஆராதனையில், "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்ற ஆதியாகம வசனம் வாசிக்கப்பட்டது. தன்னைத் தாழ்வாக எண்ணுகிறவர்களுக்கு அது இன்னும் ஓர் அடியாகத்தானே விழும் என்று நினைத்தபடி வீடு திரும்பி, 103-ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோலக் கர்த்தர் இரங்குகிறார் என்று சொன்ன உடனேயே, "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்று தாவீது பாடுகிறான். நாம் மண்ணாக இருப்பதையே அவருடைய இரக்கத்துக்குக் காரணமாகச் சொல்லுகிற வேதம் இது. இந்த நாற்பது நாட்களையும் அந்த இரக்கத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

பிப்ரவரி 21, புதன்

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தை இன்று மெதுவாக வாசித்தேன். சாராயும் அவள் கணவன் ஆபிராமும் (பின்னாளில் ஆபிரகாம்) ஆகாரைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் அவள் "அடிமைப்பெண்" மட்டுமே. இருவரில் ஒருவர்கூட அவளுடைய பெயரைச் சொல்லுவதாக எழுதப்படவில்லை. பிள்ளை பெறுவதற்கு அவள் தேவைப்பட்டாள், தேவைப்பட்டதால் எடுத்துக்கொள்ளப்பட்டாள், கர்ப்பவதியானபின் கடினமாக நடத்தப்பட்டாள். வனாந்தரத்தில், நீரூற்றண்டையில், "சாராயின் அடிமைப்பெண்ணாகிய ஆகாரே, எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" என்று கர்த்தருடைய தூதன் கேட்கிறபோதுதான் அந்தக் கதையில் முதன்முறையாக ஒருவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார், அவளுடைய பதிலுக்காகவும் நிற்கிறார். எகிப்திலிருந்து வந்த அந்த அடிமை, பதிலுக்குக் கடவுளுக்கே ஒரு பெயரிடுகிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்."

அவள் தன் நாச்சியாராகிய சாராயிடமே திரும்பிப் போகும்படி சொல்லப்பட்ட இடம் எனக்குக் கடினமானது. அதை எளிதாக விளக்கிவிடும் பிரசங்கங்களில் எனக்கு மனநிறைவு ஏற்பட்டதில்லை. ஆனால் 21-ஆம் அதிகாரத்தில் அவள் மகனோடு துரத்தப்பட்டு, துருத்தியில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாகிறதைப் பார்க்கமாட்டேன் என்று எட்ட உட்கார்ந்து அழும்போதும் அதே குரல் வானத்திலிருந்து "ஆகாரே" என்று அழைக்கிறது, அவளுடைய கண்கள் திறக்கப்பட்டு அவள் தண்ணீரைக் காண்கிறாள். ஆபிரகாமின் வீட்டில் அவளுக்கு இடம் இல்லாமல் போனது. அவளைக் கண்டவருடைய பார்வையிலிருந்து அவள் ஒருபோதும் விலகவில்லை. அண்ணன் வீட்டில் எனக்கு இடம் இருக்கிறதா என்று ஓயாமல் அளந்துகொண்டிருக்கிற எனக்கு, அளக்க வேண்டிய இடம் அதுவன்று என்று தோன்றுகிறது.

மார்ச் 1, வெள்ளி

உலக ஜெப நாள். இவ்வாண்டுக்கான ஆராதனை முறைமையைப் பாலஸ்தீன கிறிஸ்தவப் பெண்கள் ஆயத்தம் செய்திருந்தார்கள். அங்கே நடக்கும் போரை அறிந்த எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பலர் கண்ணீரோடு ஜெபித்தார்கள்.

கூட்டம் முடிந்தபின் எங்கள் ஊர்ப் பெண்களின் கதையைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை இளையவர்கள் பலர் அறியாமல் இருப்பது எனக்கு வேதனை தருகிறது. இந்த மண் திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்த காலத்தில், நாடார் பெண்களும் அவர்களைப்போல் தாழ்த்தப்பட்ட பிற சாதிப் பெண்களும் மார்பை மறைத்து மேலாடை அணிவது தடுக்கப்பட்டிருந்தது. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் சபைகள் உருவாயின. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டை அணிய 1810-களில், ஆங்கிலேயப் பிரதிநிதி கர்னல் மன்றோவின் காலத்தில், அனுமதி கிடைத்தது. ஆனாலும் அணிந்தவர்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள், சிற்றாலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன, 1829-இல் அரசாணை அவர்களுக்கு எதிராகவே வந்தது. 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான பிரகடனம்தான் மேலாடை உரிமையைத் தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தந்தது.

அந்தப் பெண்களுக்கு எங்கிருந்து அத்தனை துணிவு வந்தது என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். மிஷனரிகளும் அதிகாரிகளும் மனு எழுதினார்கள், உதவினார்கள். ஆனால் அடிவாங்கும் அபாயத்தோடு குப்பாயத்தை அணிந்துகொண்டு தெருவில் நடந்தவர்கள் அந்தப் பெண்களே. தேவன் மனுஷனைத் தமது சாயலாகச் சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாகச் சிருஷ்டித்தார் என்று ஆலயத்தில் கேட்டதை, அவர்கள் தங்கள் உடலைக் குறித்துச் சொல்லப்பட்ட செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். அரசாணை வருவதற்கு முன்பே தாங்கள் கனமுள்ளவர்கள் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் மிஷனரித் தம்பதியரில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் இங்கே லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். அந்த வேலையில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலைக்கு உரிய விலையைத் தாங்களே செலுத்தினார்கள். திருவிதாங்கூர் அடிமை முறையை முற்றிலும் ஒழித்தது 1855-இல்தான். எங்கள் பாட்டியும் லேஸ் பின்னியவர்கள். திண்ணையில் அமர்ந்து மரக்கட்டைகளில் சுற்றிய நூலை விரல்கள் ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

இப்படிப்பட்ட தாய்மாரின் பேத்திகளாகிய நாம் சபைக்குள் இன்னும் சாதி பார்ப்பதும், திருமணப் பேச்சில் அதை முதல் கேள்வியாக வைப்பதும் அவர்கள் பட்ட அடிகளுக்கு நாம் செய்கிற அவமரியாதை என்றே நான் கருதுகிறேன்.

மார்ச் 9, சனி

"இப்ப நீ சும்மாத்தானே இருக்க?" என்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கேட்டார். இரவு உறக்கம் வரவில்லை.

மார்ச் 11, திங்கள்

இரண்டு நாட்களாகப் படுக்கையை விட்டு எழுவதே பாரமாக இருந்தது. இன்று எலியாவை வாசித்தேன். கர்மேல் மலையில் வெற்றி கண்ட அதே தீர்க்கதரிசி, ஒரு பெண்ணின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். அதற்குக் கண்டனமும் இல்லை, உபதேசமும் இல்லை. அவன் உறங்குகிறான், தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான், தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. அவன் மறுபடியும் படுத்துக்கொள்கிறான். மறுபடியும் உணவு தரப்படுகிறது. கர்த்தர் மெல்லிய சத்தத்தில் அவனோடு பேசுவதெல்லாம் பிறகுதான்.

மனச்சோர்வுக்கு நான் மருத்துவரிடம் செல்கிறேன், மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். இதை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி ஆகிறது என்று துயரப்படுகிறவர்களிடம் சொல்லுகிறவர்கள், 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து ஒருமுறை வாசிக்க வேண்டும். களைத்துப்போன ஊழியனுக்குக் கர்த்தர் முதலில் அனுப்பியது உறக்கமும் உணவும்தான். அவற்றைக் கர்த்தருடைய கையிலிருந்து வந்தவையாகவே நானும் ஏற்றுக்கொள்கிறேன். மதியம் மதினி வந்து, "எந்திச்சு ரெண்டு வாய் சாப்பிடும்மா" என்று தட்டைக் கையில் கொடுத்தபோது அந்தத் தூதனின் குரல் எனக்கு அருகில்தான் இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள் விற்கப்படுகின்றன. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவி விலையில்லாமல் கொசுறாகக் கொடுக்கப்பட்டது. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று ஆண்டவர் சொன்னபோது அந்த ஐந்தாவதையும் சேர்த்தே சொன்னார்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவதைத் தாண்டி இன்று என்னால் செல்ல இயலவில்லை. "ஸ்திரீயே, அதோ, உன் மகன்", பின்பு அருகில் நின்ற சீஷனிடம், "அதோ, உன் தாய்." உலகத்தின் மீட்பு நிறைவேறிக்கொண்டிருந்த வேளையில், தம்முடைய தாயை யார் வீட்டில் வைத்துப் பராமரிப்பார்கள் என்பதையும் அவர் ஒழுங்கு செய்தார். தாயைப் பராமரிப்பது சிலுவையில் பேசப்படும் அளவுக்குப் பெரிய காரியம் என்றால், அந்த ஆண்டுகளில் நான் செய்ததைச் சும்மா இருந்தது என்று யார் சொன்னாலும் இனி நான் அதை ஏற்கப்போவதில்லை.

ஆனால் இன்று இதற்கும் அப்பால் ஒன்றைக் கண்டேன், அதைத் தெளிவாக எழுத முயல்கிறேன். அம்மா தம் கடைசி நாட்களில் என்னை அறியவில்லை. என்னை "யாரு பிள்ள நீ?" என்று கேட்பார்கள். "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்ற ஏசாயாவின் வசனத்தை நான் சிறுவயதில் மனப்பாடமாக ஒப்புவித்தவள், அதன் நடுப்பகுதி என் வீட்டில் எழுத்துக்கு எழுத்து நிறைவேறும் என்று நினைத்ததில்லை. தொடர்ந்து வரும் வசனம், "இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்" என்கிறது. ஆணியடிக்கப்பட்ட உள்ளங்கைகளைப் பற்றி நாள் முழுதும் கேட்டுவிட்டு அதை வாசித்தபோது, அம்மாவின் நினைவிலிருந்து அழிந்துபோன என் பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று. அம்மாவால் அந்நாட்களில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. சமைக்க இயலாது, ஜெபிக்கவும் வார்த்தை வராது, தம் பெயர்கூட நினைவில் இல்லை. அப்படியிருந்தும் அவர்கள் மதிப்பற்றவர்கள் என்று ஒரு கணமும் எனக்குத் தோன்றியதில்லை. அவர்களைக் குளிப்பாட்டித் தலைவாரிவிடும்போதெல்லாம் விலையேறப்பெற்ற ஒருவரைத் தொடுகிறேன் என்ற உணர்வு இருந்தது. அம்மாவிடம் நான் கேட்காத கணக்கை என்னிடம் மட்டும் ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறேன்? வெள்ளியினாலும் பொன்னினாலும் அல்ல, கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள் என்று பேதுரு எழுதியது, படுக்கையில் கிடந்த அம்மாவுக்கும் பொருந்தும் என்றால் எனக்கும் பொருந்தும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த விலை கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை.

மார்ச் 31, உயிர்த்தெழுந்த திருநாள்

அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. அம்மாவின் கல்லறையில் அண்ணன் மெழுகுவர்த்தி ஏற்றினான். இம்மைக்காகமாத்திரம் நாம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கையுள்ளவர்களாயிருந்தால் எல்லா மனுஷரைப்பார்க்கிலும் பரிதபிக்கப்படத்தக்கவர்கள் என்று பவுல் எழுதுவதைப் போதகர் வாசித்தார். அம்மா உயிர்த்தெழும் நாளில் என்னை அறிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன், அதை உறுதியாகவே நம்புகிறேன்.

ஏப்ரல் 3, புதன்

மதினியிடம் எல்லாவற்றையும் பேசினேன். "உன் அறைய யாரு கேட்டா? நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா?" என்று அழுதுவிட்டார்கள். எங்கள் சேகரத்தில் (ஒரே போதகரின் கீழுள்ள சபைகளில்) மறதி நோயுள்ள பெற்றோரைப் பராமரிக்கும் குடும்பங்கள் சில உண்டு. ஞாயிறு ஆராதனைக்குக்கூட வர இயலாமல் வீட்டோடு முடங்கியிருக்கும் மகள்களும் மருமகள்களும் அவற்றில் இருக்கிறார்கள். அவர்கள் ஆலயத்துக்கு வந்து போகும் நேரத்தில் அந்த வீடுகளில் முறைவைத்து உட்கார்ந்திருக்க எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இசைந்திருக்கிறார்கள். வரும் ஞாயிறன்று முதல் முறை என்னுடையது. நாகர்கோவிலில் இரண்டு இடங்களுக்கு வேலைக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். வேத வாசிப்பில் நாளை அப்போஸ்தலர் நடபடிகளைத் தொடங்குகிறேன்.