149-இல் நின்ற பீக்

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் வருடம். ஓர் இலைச் சாற்றைச் சில பகுதிகளாகப் பிரித்து, கலவையில் உள்ள சேர்மங்களைத் தனித்தனியாக்கி நிறையை அளக்கும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பகுதியில் ஒல்லியான, அழகான பீக் ஒன்று, அதாவது ஒரு சேர்மம் வெளிவருவதைக் காட்டும் கூர்முனை, வரைபடத்தில் வந்தது. அதன் நிறை நிறமாலையில், அதாவது மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் படத்தில், 149 ஓங்கி நின்றது. கூடவே 167, தள்ளி 279. கருவியோடு வரும் நூலகத்தில் தேடினால் தாலேட் எஸ்டர் என்றது. இலையில் கிடைத்த சேர்மம் என்று பட்டியலில் ஏற்றி, அந்தப் பகுதி பாக்டீரியாவைத் தடுத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று அறிக்கையும் எழுதிவிட்டேன்.

வழிகாட்டி படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ப்ளாங்க் ஓட்டினியாப்பா?"

ப்ளாங்க் என்றால் மாதிரியே இல்லாத வெற்று ஓட்டம். நான் ஓட்டவில்லை. மறுநாள் இலையே இல்லாமல், வெறும் கரைப்பானை அதே குழாய், அதே குடுவை வழியாக எடுத்துச் சென்றேன். 500 மில்லி கரைப்பானை 1 மில்லியாக ஆவியாக்கி ஓட்டினேன். அதே நிமிடத்தில் அதே பீக். பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள் அது. குழாயிலிருந்து கரைந்து வந்திருக்கிறது. துளியூண்டு இருந்தாலும், 500 மடங்கு செறிவாக்கினால் கண்ணில் படாமல் என்ன செய்யும்? பெரும்பாலான தாலேட் எஸ்டர்கள் உடையும்போது 149 அயனி வரும் என்பது பாடத்தில் படித்ததுதான். படித்தது வேறு, ஒரு நாள் முழுக்க நின்று கண்ணால் பார்த்தது வேறு. சார் திட்டவில்லை. இரண்டு தாள்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். இன்றும் அது என்னிடம் இருக்கிறது.

அப்புறம் பல வருடம் பூச்சிக்கொல்லி எச்சங்களை அளக்கும் வேலை. குளோரின் உள்ள மூலக்கூறு வந்தால் தனி சந்தோஷம். இரண்டு அலகு இடைவெளியில் இரண்டு பீக், உயரம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. குளோரினின் அணு எடை ஏன் 35.5 என்று பள்ளியில் குழம்பிய கேள்விக்கு, 35, 37 என்று நிறை வேறுபட்ட இரண்டு ஐசோடோப்புகளின் கலவைதான் காரணம் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆஸ்டன் தன் நிறை நிறமாலைக் கருவியில் காட்டினார். 1922-இல் அவருக்கு நோபல் பரிசு. அந்த விடை தினமும் என் திரையில் வந்து போனது.

இப்போது என்னிடம் மாணவர்கள் பீக்கோடு வந்தால் முதலில் ப்ளாங்க்கைத்தான் கேட்பேன். சென்ற வருடம் ஒரு மாணவி, நான் கேட்கும் முன்பே மூன்று ப்ளாங்க் தாள்களை மேசையில் வைத்தாள். மூன்றிலும் அந்த இடம் வெறுமை. வெயிலில் வைத்த மருந்து மாதிரியில் மட்டும் பீக் இருந்தது. துல்லிய நிறை எடுத்தோம். மருந்தைவிட 15.995 கூடுதல். ஓர் ஆக்சிஜன் அணுவின் நிறை அது; ஓர் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது.

"சரி, எந்தக் கார்பனில் ஏறியது?" என்று கேட்டேன். மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறையைப் பார்க்கும் எம்எஸ்-எம்எஸ் ஓட்ட அவள் ஏற்கெனவே நேரம் வாங்கியிருந்தாள்.